ஆடி கழியட்டும் என்ற அக்கா

அக்காவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் திண்டிவனத்தில் பாதி ஊருக்கு ஆள் தெரிந்துவிடும், மீதி ஊர் விசாரித்துத் தெரிந்துகொள்ளும். அலுவலகத்தின் பெயரும் வேண்டாம். விழுப்புரத்தில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிற அரசு அலுவலகங்கள் எத்தனையோ, அதில் ஒன்று. அவர் அங்கே உதவியாளர், நான் தட்டச்சர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர் என்பதால் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். பிறகு அலுவலகமே அப்படித்தான் கூப்பிட்டது, அவரைவிட வயதில் பெரிய வாட்ச்மேன் உட்பட. அவர் மேசைக்கும் என் மேசைக்கும் நடுவில் ஓர் இரும்பு பீரோ நின்றது. அதைச் சுற்றித்தான் எங்கள் பேச்சு, சிரிப்பு, சண்டை எல்லாம்.

அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். அக்கா நேரம் பார்ப்பார்.

யார்தான் பார்க்கவில்லை என்பீர்கள். கல்யாணத்துக்குப் பார்ப்பார்கள், புதுவீடு புகப் பார்ப்பார்கள். அக்கா அரசாங்கத் தபாலுக்குப் பார்ப்பார். காலையில் திண்டிவனத்தில் என்னோடு ரயில் ஏறி உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து அன்றைக்குக் கிழித்த காலண்டர் தாளை எடுப்பார். ராகு காலம், எமகண்டம், திதி, யாருக்குச் சந்திராஷ்டமம் எல்லாம் மயிலம் தாண்டுவதற்குள் மனப்பாடம். விக்கிரவாண்டி வரும்போது எங்கள் பிரிவிலிருந்து அன்று போக வேண்டிய தபால்களுக்கெல்லாம் நேரம் குறித்து முடித்திருப்பார்.

அவர் கணக்கில் தாள் இரண்டே வகை. வேலை ஆணை, பதவி உயர்வு, ஊருக்குப் பக்கத்தில் மாற்றல், ஓய்வூதியம் இவையெல்லாம் நல்ல தாள். நல்ல நேரம் வரும்வரை அவை மேசை இழுப்பறையில் காத்திருக்கும். மெமோ, விளக்கம் கேட்கிற கடிதம், தண்டனை ஆணை கெட்ட தாள். அவற்றைத் தேடிப் பிடித்து ராகு காலத்தில் அனுப்புவார்.

"ஏன்க்கா, பாவம், அந்த ஆளே நொந்து போயிருக்காரு. ராகு காலத்துல வேற அனுப்பணுமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அட இவளே! கெட்ட நேரத்துல போற கெட்ட தாளு வெளங்காதுடி. அந்த ஆளு தப்பிச்சிக்குவாரு" என்றார்.

உண்மையிலேயே அக்கா கையால் போன மெமோக்களில் பாதிக்கு மேல் ரத்தாகிவிட்டன. எங்கள் பக்கத்தில் மெமோக்கள் பொதுவாகவே ரத்தாகும் என்பது வேறு விஷயம்.

கண்டமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தது நினைவிருக்கிறது. கணவர் வேலையில் இருக்கும்போதே செத்துப்போய், கருணை அடிப்படையில் அந்தம்மாவுக்கு வேலை ஆணை தயாராகியிருந்தது. வந்து நின்றது புதன்கிழமை மதியம் பன்னிரண்டேகாலுக்கு. சரியான ராகு காலம். அக்கா ஆணையை எடுக்கவே இல்லை. "உக்காரும்மா" என்று பக்கத்தில் உட்கார வைத்து, தன் டப்பாவில் இருந்த தயிர்சாதத்தில் பாதியை மூடியில் வைத்துக் கொடுத்தார். ஒன்றரை தாண்டியதும் எழுப்பிக் கிழக்கே பார்த்து நிற்க வைத்து, இரண்டு கையாலும் ஆணையைக் கொடுத்தார். அந்தம்மா தேம்பித் தேம்பி அழுதது. "எத்தினி ஆபீசு ஏறி இறங்குனேன், எவனும் என்னை உக்காருன்னுகூடச் சொல்லலியே" என்றது. வேலையில் சேர்ந்த ஒரே வாரத்தில் நாலு முழம் மல்லிகையோடு மறுபடி வந்தது.

அதிலிருந்து அக்காவுக்குக் கைராசிக்காரர் என்று பேராகிவிட்டது. தபாலில் அனுப்ப வேண்டாம், நேரில் வந்து உங்க கையால வாங்கிக்கிறோம் என்று ஆட்கள் கேட்டார்கள். அப்போதிருந்த அதிகாரி சாமி படம் மாட்டினால்கூட முகம் சுளிக்கிறவர். அவரே தன் மகள் நிச்சயதார்த்தத்துக்குத் தட்டு மாற்றுகிற நேரத்தை அக்காவிடம்தான் கேட்டார், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு.

அமாவாசை வந்தால் அக்கா மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்விடுவார். கூட்டத்தில் நசுங்கி, கால் மிதிபட்டு, விடியற்காலையில் பஸ் பிடித்து நேராக அலுவலகத்துக்கே வந்து, எலுமிச்சம்பழத்தை பீரோ தலையில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குவார். நான் கிண்டல் செய்வேன். கோபமே வராது. "சிரிடி, சிரி. உனக்கும் சேத்துதான் வேண்டிக்கினு வந்திருக்கேன்" என்பார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலும் ஓர் ஆள் இருக்கிறார் என்று எங்கள் அலுவலகத்தில் நினைத்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

அப்படிப்பட்ட மனுஷி செய்த காரியம்தான் இது.

முகையூர் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம். கூலி வேலைக்குப் போகிற குடும்பம். அந்த வீட்டுப் பெண் இன்ஜினியரிங் படித்து ராணுவத்தில் அதிகாரி வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். பயிற்சிக்கு அழைப்பதற்கு முன்னால், அவள்மேலோ வீட்டார்மேலோ வழக்கு ஏதும் உண்டா, நடத்தை எப்படி என்று எங்கள் அலுவலகத்திலிருந்து ஓர் அறிக்கை போக வேண்டும். நான்தான் தட்டச்சு செய்தேன். பாதகமாக ஒன்றும் இல்லை என்று நாலு வரி. அக்கா அதை இரண்டு தரம் படித்தார்.

"சிப்பாயி இல்லடி, ஆபீசரு! நம்ம பக்கத்துக் களையெடுக்கிற வூட்டுப் பொண்ணு ஆபீசரு!" என்றார். கண் கலங்கிவிட்டது.

அதிகாரி அன்றே கையெழுத்துப் போட்டுவிட்டார். கையெழுத்து வாங்கும்போது தேதியை விட்டுவைப்பது எங்கள் வழக்கம். தபாலில் போகிற அன்று நாங்களே போட்டுக்கொள்வோம். நான் உறையை எடுத்துக்கொண்டு போய், "அனுப்பிடலாமாக்கா?" என்றேன்.

"இன்னைக்கு ஆடி நாலு" என்றார் அக்கா. "ஒரு பொண்ணு வாழ்க்கையில மொத மொதல்ல நல்லது நடக்குது. அதைப் போய் ஆடியில அனுப்புவாங்களா? கம்முனு குடு. ஆடி கழியட்டும்."

உறையின் மூலையில் கொஞ்சம் குங்குமம் தடவி இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

அறிக்கை கேட்டு வந்த கடிதத்தில் 'மிக அவசரம்' என்று முத்திரை இருந்தது. அதை யார் மதித்தார்கள்? கழிவறைக்கு வாளி கேட்கிற கடிதத்துக்கும் எங்களிடம் அந்த முத்திரைதான் விழும். ஆனால் இரண்டாம் பக்கத்தில் ஒரு கடைசித் தேதி இருந்தது. ஆடி முடிவதற்கு ஆறு நாள் முன்னால் விழுந்தது அது. அக்கா பார்த்தார். நானும் பார்த்தேன்.

"ஆறு நாள்தான? தபால்ல லேட்டாயிடுச்சின்னு நெனைச்சிக்குவாங்க. அதுக்குள்ள இன்னா குடி முழுகிப் போவுது" என்றார்.

நான் சிரித்தேன். நான் சிரித்ததையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆவணி பிறந்தும் உடனே போகவில்லை. முதல் இரண்டு நாள் சனி, ஞாயிறு. அப்புறம் அஷ்டமி, அப்புறம் நவமி. ஆவணி ஐந்தாம் நாள், வளர்பிறை, நல்ல நேரத்தில் அக்கா தன் கையாலேயே தேதி போட்டு, பதிவேட்டில் ஏற்றி அனுப்பிவைத்தார். அன்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அதோடு நாங்கள் அதை மறந்துபோனோம்.

ஆறேழு வருஷம் ஓடியது. அக்காவுக்கு ஓய்வுபெற ஏழு மாதம் இருந்தது. கண்காணிப்பாளராகப் பதவி உயர்வு கொடுக்கிற பட்டியலில் அப்போதுதான் அவர் பெயர் வந்திருந்தது. சாதாரணமாக வரவில்லை. யார் முந்தி, யார் பிந்தி என்று யாரோ போட்ட வழக்கில் எட்டு வருஷம் கிடப்பில் கிடந்து வந்தது. தனி அறை, கதவில் பெயர்ப்பலகை. அக்கா அந்தப் பலகைக்கு எழுத்து எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பதுவரை யோசித்து வைத்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் பாதுகாப்புத் துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிரித்தவள் நான்தான். முகையூர் பக்கத்துப் பெண் மனுக் கொடுத்திருந்தாள். அவளோடு தேர்வானவர்கள் எல்லோரும் அந்த வருஷமே பயிற்சிக்குப் போய்விட்டார்கள். இவளுடைய அறிக்கை நேரத்துக்கு வராததால் இவளைச் சேர்க்கவில்லை. அடுத்த பேட்ச்சில்தான், அதுவும் அரை வருஷம் கழித்துத்தான் எடுத்திருக்கிறார்கள். அதனால் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து தன் கூட்டாளிகளுக்கெல்லாம் இவள் இளையவள். ஒவ்வொரு பதவி உயர்விலும் பின்தங்கி, இப்போது அவர்கள் மேஜர் ஆகிறார்கள், இவள் கேப்டனாகவே நிற்கிறாள். என்னைப் பழைய பேட்ச்சோடு சேர்த்துக் கணக்கிடுங்கள் என்று கேட்டிருந்தாள். அங்கிருந்து எங்களைக் கேட்டது இவ்வளவுதான்: அறிக்கை தாமதமானது அந்தப் பெண்மேல் ஏதோ விசாரணை நிலுவையில் இருந்ததாலா, அல்லது உங்கள் அலுவலகத்தாலா? உங்களால் என்றால் என்ன காரணம், யார் பொறுப்பு? சரியான பதில் இல்லையென்றால் மனு முடிக்கப்படும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பெண்ணின் வேலையையே நாங்கள் இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டி வைத்திருந்தோமா? கடிதத்தை அக்காவிடம் கொண்டுபோய் வைத்துவிட்டு என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். எட்டிப் பார்த்தேன். கடிதத்தின் மேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புதிதாக வந்திருந்த அதிகாரிக்கு இது பெரிய விஷயமாகப் படவில்லை. "அந்த வருசத்துப் பதிவேடெல்லாம் மழைத் தண்ணியில ஊறிப் போச்சில்ல? 'பதிவேடு சேதமடைந்துவிட்டது, தாமதத்துக்கான காரணம் தெரியவில்லை'ன்னு ரெண்டு வரி போடுங்க. முடிஞ்சிது" என்றார்.

பொய்யும் இல்லை அது. ரெக்கார்டு அறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்து, பதிவேடுகள் கூழாகிக் குப்பை வண்டியில் போயிருந்தன. அறிக்கையிலும் ஆவணித் தேதிதான் இருந்தது. நடந்தது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

அன்று சாயங்காலம் ரயிலில் பேச்சை நான்தான் ஆரம்பித்தேன்.

"அக்கா, சார் சொன்ன மாதிரியே அனுப்பிடலாம்."

"காரணம் தெரியலன்னு எழுதுனா அவங்க இன்னா நெனைப்பாங்க?" என்றார். "அந்தப் பொண்ணு மேல ஏதோ கேசு இருந்திருக்குது, இவங்க மறைக்கிறாங்கன்னுதான நெனைப்பாங்க? அப்புறம் அவ ஜென்மத்துக்கும் மேல வர முடியுமா?"

"அப்ப நிர்வாகக் காரணம்னு பொதுவாப் போடலாமே."

"இன்னா காரணம், யாரு பொறுப்புன்னு கேட்டிருக்காங்கடி."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "லிஸ்ட்ல உங்க பேரு இருக்குதுக்கா! இன்னும் ஏழே மாசம். இப்பப் போய் நான்தான்னு எழுதிக் குடுத்தா மெமோ வரும், பேரை அடிச்சிடுவாங்க. எட்டு வருசம் காத்துக்கினு இருந்தீங்களே, எதுக்கு?"

"எட்டு வருசம் உக்கார வச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றார் அக்கா. "அந்தப் பொண்ணை உக்கார வச்சது நானு."

பிறகு என் கையைத் தட்டிக் கொடுத்து, "உன் பேரு வராது. பயப்படாத" என்றார்.

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. அதுவரை நான் அவருக்காகத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் எனக்காகவும் கத்தியிருக்கிறேன் என்பதை அவர் என்னைவிட முந்திக் கண்டுபிடித்துவிட்டார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கும் தெரியும் என்று எழுதிக் கொடுக்கவும் கை வரவில்லை. அந்த அவமானம் எனக்கு இன்னும் தீரவில்லை.

மறுநாள் வந்ததும் வராததுமாகத் தன் கையாலேயே எழுதினார். தட்டச்சு செய்து தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். அதில் இருந்தது இது: மேற்படி நபர்மேல் எந்தப் பாதகமும் எப்போதும் இருந்ததில்லை. அறிக்கை ஆடி நான்காம் நாளே கையெழுத்தாகித் தயாராக இருந்தது. ஆடி மாதத்தில் நல்ல காரியத்துக்கான தாளை அனுப்ப வேண்டாம் என்று கருதி, யாரும் சொல்லாமல் நானாகவே ஆவணி ஐந்தாம் நாள்வரை என் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். தாமதத்துக்கு நான் ஒருத்தியே பொறுப்பு.

அன்று என்ன திதி, எது ராகு காலம் என்று அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

அதிகாரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஏம்மா, கவர்மெண்ட் பேப்பர்ல ஆடி மாசம்னு எழுதுவாங்களா? டெல்லியில படிச்சிட்டுச் சிரிக்க மாட்டாங்க? வேற ஏதாச்சும் காரணம் எழுதுங்கம்மா, உடம்பு சரியில்ல, லீவுல இருந்தேன்னு..."

"இதை எழுதுனாதான் சார் நம்புவாங்க. பொய் சொல்றவங்க இதைவிட நல்ல காரணமாச் சொல்லுவாங்க" என்றார் அக்கா.

தாள் போனது. இரண்டு மாதத்தில் அக்காவுக்கு மெமோ வந்தது. பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். அந்த அறைக்கு அவருக்கு இளையவர் ஒருவர் போய் உட்கார்ந்தார். நேரம் கேட்டு வந்தவர்கள் எல்லோரும் திடீரென்று பகுத்தறிவுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். "ஆடித் தள்ளுபடி எப்பக்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான் ஒருத்தன். அவன் வேலையில் சேர்ந்த ஆணையை நல்ல நேரம் பார்த்துக் கொடுத்ததே அக்காதான். நான் அவனைக் கண்டபடி திட்டினேன். அக்கா தலை நிமிரவில்லை. ரயிலில் காலண்டர் தாள் எடுப்பதையும் நிறுத்திவிட்டார். தபாலை வந்த அன்றே அனுப்பினார், ராகு காலமானாலும் சரி, அஷ்டமியானாலும் சரி.

அவர் ஓய்வுபெற ஒரு மாதம் இருக்கும்போது எங்களுக்கு ஓர் ஆணையின் நகல் வந்தது. அந்தப் பெண்ணின் பணிமூப்பைப் பழைய பேட்ச்சோடு சேர்த்துத் திருத்திவிட்டார்கள், மேஜராகவும் ஆக்கிவிட்டார்கள். அக்கா அதை வாங்கிப் படித்துவிட்டு, "போதும்டி" என்றார். பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் டப்பாவில் இருந்ததை முழுசாகச் சாப்பிட்டார்.

அடுத்த வாரம் அவளே வந்தாள். சாதாரண பருத்திச் சுடிதார்தான், ஆனால் நின்ற நிலையிலேயே யார் என்று தெரிந்தது. லீவில் ஊருக்கு வந்திருக்கிறாளாம். அக்காவின் மேசை எது என்று கேட்டாள். அக்கா எழுந்து, பீரோவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க எழுதுனதை என்கிட்ட காட்டினாங்க மேடம். நீங்க எழுதலைன்னா என் மனுவை மூடியிருப்பாங்க. தேங்க்ஸ் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"எனக்கா தேங்க்ஸ் சொல்ற?" என்றார் அக்கா. "திட்டும்மா. நாலு வார்த்தை நல்லாத் திட்டிட்டுப் போ. உனக்குப் புண்ணியமாப் போவும்."

அவள் திட்டவில்லை. அது தாங்காமல் அக்கா எதையாவது கேட்க வேண்டும் என்று கேட்டுவிட்டார். "அம்மா எப்படி இருக்காங்க? பொண்ணு மேஜர் ஆனதுல சந்தோசமா?"

"அம்மா இல்லீங்க" என்றாள். "அந்த வருசம் மாசியிலயே தவறிட்டாங்க. அடுத்த பேட்ச்சுல எடுப்பாங்களான்னே அப்ப எங்களுக்குத் தெரியாது. எனக்கு லெட்டர் வந்தது பங்குனியிலதான். பொண்ணுக்கு வேலை இல்லன்னு நெனைச்சிக்கினேதான் போனாங்க."

தட்டச்சு இயந்திரங்கள், மின்விசிறி, வராந்தாவில் யாரோ பேசிய பேச்சு எதுவும் காதில் விழவில்லை. அரை வருஷம், வெறும் அரை வருஷம் என்றுதானே நாங்கள் அதுவரை நினைத்திருந்தோம். திருத்திவிட்டார்கள், எல்லாம் சரியாகிவிட்டது என்று போன வாரம்கூடச் சந்தோஷப்பட்டோமே.

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் தடுத்தாள்.

"ஒண்ணு சொல்றேன் மேடம். அந்த ஆடி மாசம் முழுக்க, போஸ்ட்மேன் வர்ற நேரத்துக்கு எங்கம்மா தெனம் வாசல்ல வந்து நிப்பாங்க. நின்னுக்கினு, 'தாயே, இந்த மாசம் மட்டும் எம் பொண்ணுக்கு லெட்டரு வந்துடக் கூடாது. ஆவணியில வரட்டும்'னு வேண்டிக்கினு இருப்பாங்க."

சொல்லிவிட்டுக் கைகூப்பினாள். திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டாள். ஆறுதலுக்குச் சொன்னாளா, குத்திக் காட்டச் சொன்னாளா, எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அக்கா நாற்காலியைத் தேடவில்லை. அப்படியே பீரோவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய்த் தண்ணீர் நீட்டினேன். வாங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"அந்தம்மா வேண்டிக்கினது பலிச்சிடுச்சிடி" என்றார்.